கிரைஃப்: ஆட்டக்காரரா, பயிற்சியாளரா?

கேள்வி:
வணக்கம். நெதர்லாந்துக் கால்பந்து வீரர் யோஹான் கிரைஃப் 1971, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பாலோன் தோர்) விருது பெற்றவர். ஆனாலும் ஸ்பெயினின் பார்சலோனா கழக ரசிகர்கள் அவரைப் பயிற்சியாளராகவே அதிகம் கொண்டாடுவதாகத் தோன்றுகிறது. காரணம் என்ன?

மறுமொழி 1:
கோப்பைகளின் கணக்கே முதற்காரணம். ஆட்டக்காரராக அவர் அங்கே வென்ற லீக் பட்டம் ஒன்றுதான். 1988 முதல் 1996 வரை பயிற்சியாளராக இருந்தபோதோ, 1991இலிருந்து தொடர்ச்சியாக நான்கு லீக் பட்டங்களும், 1992இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இத்தாலியக் கழகமான சம்ப்டோரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ரொனால்ட் கூமன் அடித்த கோலால் கழகத்தின் முதல் ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தன.

மறுமொழி 2:
அந்த ஒரு பட்டத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட வேண்டாம், நண்பரே. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நீடித்த 1974இல், ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 5–0 என வீழ்த்தி, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வென்ற லீக் அது. அந்த ஆட்சியில் ஒடுக்கப்பட்டிருந்த, பார்சலோனா பகுதியின் கட்டலான் மக்களுக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

மறுமொழி 3:
இருவர் சொல்வதும் சரியே. எனினும், கழகத்தின் இளையோர் அணியிலிருந்து வந்த மெலிந்த உடல்வாகுடைய குவார்டியோலாவை நடுக்களத்தின் மையத்தில் நிறுத்திய துணிவையே நான் முதலில் குறிப்பிடுவேன். 1994இல் ஏதென்ஸில் அதே ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இத்தாலியின் மிலான் கழகத்திடம் 4–0 எனத் தோற்றதையும் மறைக்க வேண்டியதில்லை. 1991இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிகரெட்டை விட்டு, குச்சி மிட்டாயைச் சுவைத்தபடி அவர் மைதான ஓரத்தில் அமர்ந்திருந்த காட்சியும் அவருடைய புகழில் ஒரு பங்குதான்.