அலுமினியம் போட்ல தளப் பலகை மாத்தணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் கனடா ஒன்டாரியோல இருக்கேன், பழைய 14 அடி அலுமினியம் மீன்பிடி போட் ஒண்ணு வாங்கினேன், கார்பெட்டை உரிச்சா கீழ பிளைவுட் மொத்தமும் ஊறிப்போய் கையோட பிஞ்சு வருது, அடியில இருக்கற ஃபோமும் தண்ணி குடிச்சு கல்லா கனக்குது. பிரஷர் ட்ரீட்டட் பிளைவுட் (மக்காம இருக்க மருந்து ஏத்தின பலகை) வாங்கப் போனேன், நல்லவேளை ஒருத்தர் தடுத்துட்டார். அந்த மருந்துல இருக்கற செம்பு ஈரத்தோட சேந்தா அலுமினியத்தை அரிச்சிடும்.

இப்போ மெரைன் பிளை (தண்ணி தாங்கற பசையில ஒட்டின பிளைவுட்) போட்டு, வெட்டின ஓரம் ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்துலயும் தண்ணி உள்ள போகாம இருக்க எபாக்ஸி பிசின் பூசலாம்னு இருக்கேன். ரெண்டு பேர் நின்னா அரை இன்ச் தாங்குமா, முக்கால் போடணுமா? வெயிட் ஏறிடுமோன்னும் பயமா இருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவா, அலுமினியம் ரிவெட்டா? ஃபோமை எடுத்துட்டா மிதக்கறதுக்கு வேற என்ன வைக்கணும்? மே மாசம் அப்பா ஊர்லேந்து வராரு, அவரை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும், செஞ்சு பாத்தவங்க ப்ளீஸ் சொல்லுங்க.