120 மீட்டர்ல மூடின குப்பைக்கிடங்கு: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

புதுவீடு_2:
இங்கிலாந்துல வீடு வாங்கப் போறோம், 1989ல கட்டினது. சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வக்கீல்) அனுப்பின ரிப்போர்ட்ல 120 மீட்டர்ல பழைய லேண்ட்ஃபில்னு வந்திருக்கு. முதல் குப்பை 31/12/1955, கடைசி 31/12/1972. வகை: இனெர்ட், வீட்டுக் கழிவு. லைசென்ஸ் எண் காலி. நேர்ல போனா அது பார்க்! பையன் ஊஞ்சல்ல ஆடிட்டு வந்தான். லைசென்ஸ் இல்லன்னா திருட்டுத்தனமா கொட்டினதா? ரெண்டு தேதியும் டிசம்பர் 31 ஏன்?

மண்வெட்டி:
திருட்டு இல்லைங்க. குப்பைக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டு வந்ததே 1974 சட்டம்தான். அதுக்கு முன்னாடி மூடினதுக்கு எண் எப்படி இருக்கும்? டிசம்பர் 31ன்னா பெரும்பாலும் வருஷம் மட்டும் தெரிஞ்சு, நாளைச் சும்மா நிரப்பினது. அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க.

பார்க்க வேண்டியது 'வீட்டுக் கழிவு'ங்கிற வார்த்தை. இனெர்ட்னா செங்கல், மண். பெருசா ஒண்ணும் ஆகாது. சமையல் கழிவும் காகிதமும் காத்தில்லாம மக்கினா மீத்தேன். காத்துல 5லிருந்து 15 சதவீதம் கலந்தா வெடிக்கும். 1986 மார்ச்ல டெர்பிஷயர் லோஸ்கோவில ஒரு வீடு அப்படித்தான் தரைமட்டமாச்சு, 3 பேருக்குக் காயம். காத்தழுத்தம் சட்டுனு இறங்கின நேரம்; பக்கத்துக் குப்பைக்குழியிலிருந்து வாயு பாறை இடுக்கு வழியா வந்திருக்கு. அதனால தூரத்தை மட்டும் பார்த்தாப் போதாது, நடுவுல என்ன மண்ணுன்னு பாருங்க. களிமண் தடுக்கும், சரளை விட்டுடும். பிரிட்டிஷ் ஜியாலஜிகல் சர்வே வரைபடம் இலவசம்.

யாழ்_குரல்:
பயப்படாதேங்கோ. என்ர வீடும் அப்பிடித்தான், 90 மீட்டர். ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின்ர தளத்தில இங்கிலாந்துப் பழைய வரைபடமும் கிடக்கு. ஒரு வரைபடத்தில 'சரளைக்குழி', அடுத்ததில வெறும் வெள்ளை. அந்த ரெண்டு வரைபடத்துக்கும் இடைப்பட்ட வருசங்களிலதான் குழியில குப்பை போட்டிருக்கினம். கவுன்சிலிட்ட வீட்டின்ர பிளானிங் (கட்டுறதுக்கான அனுமதி) கோப்பைக் கேளுங்கோ. மாசுநிலப் பதிவேட்டில பேர் இல்லையெண்டால் சுத்தம் எண்டு அர்த்தமில்லை, சோதிக்காமலும் இருந்திருக்கலாம்.

புதுவீடு_2:
கோப்பு கிடைச்சுது! 1988 அனுமதியில ஒரு நிபந்தனை: தரைக்கு அடியில வாயு தடுப்புப் படலம், சுவத்தடியில ஏர் பிரிக் (தரைக்கு அடியில காத்து போய்வர ஓட்டை வச்ச செங்கல்). நடுவுல இருக்கிறது களிமண்தான். அப்போ சரிதானே?

மண்வெட்டி:
படலம் போட்டதுக்குச் சான்று கோப்புல இருக்கா? நிபந்தனை வேற, போட்டது வேற. பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் இருக்கா?

புதுவீடு_2:
கிச்சனை நீட்டியிருக்காங்க, 2009. பின்னால மரத்தளம் வேற. இப்பதான் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். பின்சுவத்துல ஏர் பிரிக் ஒண்ணுகூடத் தெரியல.

மண்வெட்டி:
மரத்தளம் மூடியிருக்கும். பலகை ரெண்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. புதுத் தரையோட படலத்தைப் பழசோட ஒட்டினாங்களான்னு 2009 பில்டிங் கன்ட்ரோல் (கட்டுமானச் சோதனை) கோப்புல பாருங்க. அதுவரைக்கும் கான்ட்ராக்ட் மாத்திக்காதீங்க, அதாவது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை விக்கிறவங்களோட பரிமாறிக்காதீங்க; அதுக்கப்புறம் சுலபமாப் பின்வாங்க முடியாது.