கிட்டார் கேபினெட்டுக்கு வடசென்னையில் நல்ல மரம் எங்கே எடுப்பது?

ஜமாலியா கிட்டார்:

அண்ணன்களுக்கு வணக்கம். பெரம்பூர் ஜமாலியாவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், மாதத்தில் ஒன்றிரண்டு கல்யாண ரிசப்ஷனும் உண்டு. 15 வாட் வால்வு ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் செலஸ்டியன் வின்டேஜ் 30, 12 இன்ச். பணம் சேர்த்து வாங்கியது. அதற்கு ஒரு நல்ல பெட்டி வேண்டும்.

ஒரு தடவை செய்தும் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ‘மரைன்’ என்று முத்திரை குத்திய 18 எம்எம் ஷீட் வாங்கி, தெரிந்த ஆசாரியிடம் கொடுத்தேன். மேல்பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. வேலையும் சுத்தம். ஆனால் ஸ்பீக்கரை மாட்டி, ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை வாசித்தால் பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ‘ர்ர்ர்’ என்கிறது. நட்டையெல்லாம் இறுக்கினேன், முன்னால் இருந்த துணியைக் கழற்றினேன், ஒயரை மாற்றினேன். போகவில்லை. இடது பக்கப் பலகையை உள்ளங்கையால் அழுத்தினால் மட்டும் சத்தம் நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், பின் ஓரத்தில் நடு அடுக்கு ஒன்று பாதியிலேயே முடிந்துபோயிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் உள்ளே போகிறது. கடைக்காரர் ‘சீல் இருக்குல்ல’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிர்ச் என்கிற மரத்தில் செய்த பிளைவுட் இந்தப் பக்கம் கிடைக்குமா? தேக்கில் செய்தால் சத்தம் நன்றாக இருக்கும் என்கிறார் ஒருவர். மரத்துக்கு ஐந்தாயிரம் வரை செலவு செய்ய முடியும். இன்னொரு தடவை ஏமாறக் கூடாது, அதனால்தான் கேட்கிறேன்.

ராயபுரம் சவுண்ட்:

தம்பி, எம்டிஎஃப் எடுத்துடுங்க, மரநாரை அழுத்திச் செய்கிற பலகை. உள்ளே ஓட்டையே இருக்காது, அறுக்கவும் சுலபம். எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் பெட்டியெல்லாம் எம்டிஎஃப்தான், இதுவரை ஒரு அதிர்வு வந்ததில்லை. கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். கனம், அப்புறம் மழைத்தண்ணீர் பட்டால் முனை உப்பிவிடும்.

பட்டாளம் தச்சன்:

ராயபுரம் அண்ணன் சொல்வது பாட்டு கேட்கிற பெட்டிக்கு முழுக்கச் சரி. அங்கே பெட்டி பேசவே கூடாது, ஸ்பீக்கர் மட்டும்தான் பேச வேண்டும். கிட்டார் பெட்டி வேறு ஜாதி. ஃபெண்டர் கம்பெனியில் 1950களில் ஆம்ப் பெட்டிகளைத் திடமான பைன் பலகையில்தான் செய்தார்கள், மூலைகளில் விரல் கோத்த மாதிரி இணைப்பு போட்டு. மார்ஷல் கம்பெனியின் ‘1960’ என்ற மாடல், நான்கு ஸ்பீக்கர் பெட்டி, பிர்ச் பிளைவுட். இரண்டிலும் மரம் கொஞ்சம் கூடவே அதிர்கிறது, நமக்குப் பழகிப்போன கிட்டார் சத்தத்தில் அந்த அதிர்வும் கலந்திருக்கிறது. எம்டிஎஃப்பில் அது அமுங்கிவிடும். நான் மரம், எம்டிஎஃப் இரண்டிலும் ஒரே அளவுப் பெட்டி செய்து, ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டிருக்கிறேன். எம்டிஎஃப் பெட்டியில் வாசித்தால் கிட்டார் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருந்தது.

ஜமாலியா தம்பி, உங்கள் ஆசாரி மேல் தப்பில்லை, மரத்தில்தான் தப்பு. ‘மரைன்’ என்றால் ஐஎஸ் 710 என்கிற இந்தியத் தரம். அது முக்கியமாகப் பசையின் உறுதியைச் சொல்கிற முத்திரை: 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் அடுக்கு பிரியக் கூடாது. முத்திரை உண்மையா என்பது ஒரு பக்கம். உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் வாங்குகிற அந்த ஒரு ஷீட்டின் வயிற்றுக்குள் துண்டுகள் நெருக்கமாகச் சேர்ந்திருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சமையலறை அலமாரிக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஸ்பீக்கர் உள்ளே உட்கார்ந்து தள்ளும்போதுதான் ஒட்டாத அடுக்கு துடிக்க ஆரம்பிக்கும்.

சூளைப் பக்கம் சைடன்ஹாம்ஸ் ரோடு போங்கள். இப்போது ராஜா முத்தையா சாலை என்று பெயர், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலே போதும். பிளைவுட் கடைகள் வரிசையாக இருக்கும். காலை பத்தரைக்குள் போங்கள், அந்த நேரத்தில் ஷீட்டைப் புரட்டிக் காட்டப் பையன்களுக்குப் பொறுமை இருக்கும். மேல்முகத்தைப் பார்க்கவே வேண்டாம். நான்கு ஓரத்தையும் பாருங்கள். கறுப்பாகக் கோடு தெரிகிற இடத்தில் ஹாக்ஸா பிளேடின் முனையை வைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அடுத்த ஷீட். சில ஷீட்டில் ஓரத்துக்கு மக்கு பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஷீட்டைச் சுவரில் சாய்க்காமல், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் டக் என்று ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ‘தொப்’ என்று குரல் இறங்கும். பாயசத்துக்குத் தேங்காய் தட்டிப் பார்க்கிற காதுதான், புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கப்பா மரவாடியில் வேலை செய்தவர். ஒரு ஷீட்டுக்குக் கால் மணி நேரம் தட்டுவார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ‘எடுத்துக்கிட்டுப் போறவன் நான்தானே’ என்பார்.

பிர்ச் கிடைக்கும், எல்லாக் கடையிலும் இருக்காது. ரஷ்யா, பால்டிக் பக்கத்துச் சரக்கு. 18 எம்எம்மில் 13 அடுக்கு, முகம் முதல் நடு வரை ஒரே மரம். பெரும்பாலும் ஐந்தடிக்கு ஐந்தடி ஷீட்டாக வரும், எட்டுக்கு நாலு என்று கணக்குப் போட்டுக் கட்டிங் எழுதாதீர்கள். உங்கள் பெட்டி 20 இன்ச் அகலம், 18 உயரம், 11 ஆழம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 11 சதுர அடி பலகை போகும். பிர்ச்சில் அது 12 கிலோ. ஸ்பீக்கர் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. 17 கிலோவை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ரிசப்ஷன் ஹால் மாடிப்படி ஏற வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தேக்கு வேண்டாம். நல்ல மரம்தான், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளது; ஒட்டுகிற இடத்தை தின்னர் போட்டுத் துடைக்காமல் ஃபெவிகால் வைத்தால் பின்னால் விட்டுப்போகும். அந்த விலைக்குக் கிட்டாரில் கூடுதலாக எதுவும் கேட்காது. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து நல்ல கைப்பிடி, மூலைத் தகடு போடுங்கள்.

திருவொற்றியூர் பேஸ்:

தச்சன் அண்ணன் பைனைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். ஹார்பருக்கு மெஷின் வருகிற பேக்கிங் பெட்டி மரம் எங்கள் பக்கமும் மணலிப் பக்கமும் எடைக்குக் கிடைக்கிறது. வெள்ளை வெளேரென்று பைன் பலகை. வீட்டில் ஷெல்ஃப் செய்தேன், வாசனையே தனி. அதில் ஸ்பீக்கர் பெட்டி செய்யலாமா? இல்லை, பெட்டி உடைத்த மரம் என்று ஒதுக்கிவிட வேண்டுமா?

பட்டாளம் தச்சன்:

தாராளமாகச் செய்யலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை சுட்டிருக்கும், பக்கத்தில் நாட்டின் எழுத்து, எண். அதில் ‘எச்.டி.’ என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது, பூச்சி செத்திருக்கும். எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. நான் அதைத் தொடுவதில்லை. இழைக்கிற தூளை மூச்சில் இழுக்கப்போவது நாம்தான். முத்திரையே இல்லாத பலகையையும் வாங்காதீர்கள். எண்ணெய்க் கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள், அதில் பசை பிடிக்காது.

இரண்டாவது ஈரம். சூடு காட்டிய மரம் என்றால் காய்ந்த மரம் என்று அர்த்தமில்லை. அப்புறம் யார்டில் மழையில் கிடந்திருக்கும். வீட்டுக்குள் ஃபேன் ஓடுகிற அறையில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் துண்டு வைத்து அடுக்குங்கள். ஒரு பலகையில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நிற்கிறவரை ரம்பத்தைத் தொட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. பொங்கல் கழித்துப் பாருங்கள்.

நாலு இன்ச் பலகைகளை மூன்று மூன்றாக விளிம்பில் ஒட்டி 11 இன்ச் அகலம் கொண்டுவாருங்கள். மேல், கீழ், இரு பக்கம் நான்கிலும் இழை பெட்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். அப்போதுதான் ஈரக் காற்றில் நான்கும் சேர்ந்தே விரியும், மூலை விடாது. ஸ்பீக்கர் மாட்டுகிற முன்பலகையும் பின்பலகையும் மட்டும் நல்ல பிளைவுட். ஸ்பீக்கருக்கு வெட்டுகிற வட்டம் 283 எம்எம். பைன் பலகையில் பெரிய கணு மூலையில் வரக் கூடாது. பலகை நடுவில் இறுகப் பிடித்திருக்கும் சின்னக் கணு இருந்தால் பயமில்லை.

ஜமாலியா கிட்டார்:

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே. திருவொற்றியூர் அண்ணனே கூட வந்தார். மணலியில் எச்.டி. முத்திரை உள்ள பலகையாகப் பார்த்துப் பதினெட்டு எடுத்தோம், மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். முன்பலகைக்குச் சைடன்ஹாம்ஸ் ரோட்டில் தட்டித் தட்டி நாலாவது ஷீட்டில்தான் திருப்தி வந்தது. மூன்றாவதில் அந்த ‘தொப்’ கேட்டது, கடைப் பையனே ‘ஆமாண்ணா’ என்றான்.

அடையாளம் போட்ட பலகை முதல் வாரம் 2 கிலோ 310 கிராம். அடுத்தடுத்து 2,220, 2,150, 2,100. போன வாரமும் இந்த வாரமும் 2,080. ஞாயிறு சர்ச் முடிந்ததும் பட்டாளத்துக்கு எடுத்துவரட்டுமா?

பட்டாளம் தச்சன்:

வா தம்பி. ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு வா, வட்டத்தை அதை வைத்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவேன்.