ஜோர்டான்கிட்ட 0-4 ஆச்சு, பஹ்ரேன அடிச்சா ஹரிமாவ் மலாயாவுக்கு இன்னும் வழி இருக்கா?

செந்தூல் பையன்
17 ஜனவரி 2024, மாலை 6.12

நேரா கேக்குறேன். கத்தார்ல நடக்குற ஆசியக் கிண்ணத்துல நம்ம ஹரிமாவ் மலாயா, அதான் மலேசிய கால்பந்து டீமு, முத ஆட்டத்துல ஜோர்டான்கிட்ட 0-4 வாங்கியாச்சு. சனிக்கிழமை பஹ்ரேன், அடுத்த வியாழக்கிழமை தென் கொரியா. ரவுண்ட் 16க்கு, அதான் கடைசி பதினாறு டீமுக்குள்ள, போக நெசமாவே வழி இருக்கா, இல்ல நம்மளே மனசத் தேத்திக்கிறதுக்குப் பேசிக்கிட்டு இருக்கோமா?

2007ல ஆசியக் கிண்ணம் நம்ம ஊர்லயே நடந்தப்ப கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல சீனாகிட்ட 1-5, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0-5, ஈரான்கிட்ட 0-2. அது நம்ம நடத்துனதால கெடச்ச இடம், சரி விடு. இந்த தடவ அப்படி இல்லையே, 1980க்கு அப்பறம் இப்பதான் தகுதிச் சுற்று ஆடி நம்ம சொந்தக் கால்ல உள்ள போயிருக்கோம். கோச் கிம் பான் கோன் வந்ததுலேர்ந்து டீமு ஆடுற ஆட்டமே வேற, போன அக்டோபர்ல மெர்டேக்கா கிண்ணத்துல இந்தியாவ 4-2, நவம்பர்ல புக்கிட் ஜாலில்ல கிர்கிஸ்தான்கிட்ட 1-3ன்னு பின்னாடி கெடந்து 4-3ன்னு ஜெயிச்சோம், இந்த மாசம் எட்டாம் தேதி கூட சிரியாகூட 2-2. அப்படி ஆடுன பசங்க பொங்கல் ராத்திரி 32வது நிமிஷத்துக்குள்ள மூணு கோல் வாங்குனத என்னால ஜீரணிக்கவே முடியல லா. ஆட்டத்த நல்லா பாக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க.


பிஜே 11
17 ஜனவரி 2024, இரவு 8.40

வழி இருக்கு மச்சான், ஆனா ரொம்ப குறுகல். ஆறு குழு, ஒவ்வொன்னுலயும் முத ரெண்டு டீம் நேரா போகும், மூணாவதா வர்ற ஆறு டீம்ல நல்ல நாலு போகும். அதனால எல்லாரும் பஹ்ரேன மட்டும் அடிச்சா மூணு புள்ளி, அது போதும்னு பேசுறாங்க. எனக்கு பயமே அங்கதான்.

2019 ஆசியக் கிண்ணமும் இதே மொறதான். மூணு புள்ளியோட கிர்கிஸ்தான், ஓமான், வியட்நாம் போச்சு, அதே மூணு புள்ளியோட லெபனான் வீட்டுக்கு வந்துச்சு. வியட்நாமுக்கும் லெபனானுக்கும் கோல் வித்தியாசமும் (போட்ட கோல்ல வாங்குன கோல கழிச்சா வர்றது) ஒன்னு, ரெண்டும் -1, போட்ட கோலும் நாலு நாலு, கடைசியில மஞ்ச அட்ட கம்மியா வாங்குனதால வியட்நாம் உள்ள போச்சு. போயி என்ன பண்ணுச்சு, இதே ஜோர்டான பெனால்டியில தூக்குச்சு. அதனால மூணாவது இடம்னா கேவலம்னு யாரும் நெனைக்க வேணாம்.

ஆனா அந்த -1ஐப் பாருங்க. யூரோ 2016ல அல்பேனியாவும் துருக்கியும் மூணு புள்ளி, -2, ரெண்டும் வெளிய. யூரோ 2020ல உக்ரேன் மூணு புள்ளி -1, உள்ள. பின்லாந்து -2, வெளிய. சுலோவாக்கியா மூணு புள்ளி -5, வெளிய. இப்ப நம்ம நெலமைய வையுங்க. நம்ம இன்னிக்கே -4. பஹ்ரேன 1-0ன்னு ஜெயிச்சா -3, கொரியாகிட்ட 0-2ன்னு தோத்தா திரும்ப -5. அப்படியே சுலோவாக்கியா கணக்கு.

இன்னொன்னு, இத யாரும் பேச மாட்றாங்க. நம்ம பஹ்ரேன ஜெயிச்சு, கொரியா நம்மளையும் ஜோர்டானையும் ஜெயிச்சு, கடைசி ஆட்டத்துல பஹ்ரேன் ஜோர்டான ஜெயிச்சிருச்சுன்னு வையுங்க. ஜோர்டான், பஹ்ரேன், நம்ம மூணு பேருக்கும் மூணு மூணு புள்ளி. அப்ப மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஆடுன ஆட்டத்த மட்டும்தான் மொதல்ல பாப்பாங்க, அதுல இந்த 0-4 வந்து உக்காந்துக்கும், நம்ம நாலாவது. அதனால பஹ்ரேன கொறஞ்சது மூணு கோல் வித்தியாசத்துல அடிக்கணும், இல்லாட்டி கொரியாகிட்டேர்ந்து ஒரு புள்ளியாச்சும் புடுங்கணும். நாலு புள்ளி வந்துட்டா நிம்மதியா தூங்கலாம்.


பட்டர்வொர்த் அக்கா
17 ஜனவரி 2024, இரவு 10.05

தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா பசங்க இந்தக் கணக்க மண்டையில வச்சிக்கிட்டு ஆட்டத்துல எறங்குனா முடிஞ்சிச்சு கதை. மூணு கோல் வேணும் மூணு கோல் வேணும்னு முத நிமிஷத்துலேர்ந்து எல்லாரும் மேல ஏறுனா பஹ்ரேன் அதத்தான் எதிர்பாத்து காத்துக்கிட்டு இருக்கும்.

ஜோர்டான் ஆட்டத்த நான் மறுபடியும் போட்டுப் பாத்தேன். நம்ம முன்னாடி ஆளுங்க போயி அமுக்குறாங்க, அது கிம் பான் கோன் ஆட்டம், அது சரி. பின்னாடி நிக்கிறவங்க கூடவே ஏறி வரல. நடுவுல ஒரு பெரிய எடம் காலியா கெடக்கு, பந்து நம்ம கால்லேர்ந்து போன ஒடனே ரெண்டு மூணு பாஸ்ல நம்ம பெட்டிக்குள்ள வந்துர்றான். அல் தாமரி பிரான்ஸ்ல மொன்பெல்லியே கிளப்புல ஆடுறவன், அவனுக்கு அவ்வளவு எடம் குடுத்தா சும்மா விடுவானா, அவன் ரெண்டு, அல் மார்தி ரெண்டு. ஆனா ஒன்னு கவனிச்சீங்களா, 32வது நிமிஷத்துல மூணாவது கோல், நாலாவது 85ல. நடுவுல அம்பது நிமிஷத்துக்கு மேல நம்ம ஒன்னும் வாங்கல. ஜோர்டான் கொஞ்சம் தளர்ந்துட்டான்னு சொல்லுவீங்க, இருக்கட்டும், ஆனா நம்ம பசங்க இடைவெளிய அடைச்சிக்கிட்டு நின்னா நிக்கத் தெரியுதுன்னும் அர்த்தம்.

பஹ்ரேன் நம்ம நெனைக்கிற அளவுக்கு பூதம் இல்ல. கொரியாகிட்ட 51வது நிமிஷத்துல 1-1 ஆக்கிட்டாங்க, நல்லா ஆடிக்கிட்டு இருந்தாங்க, அப்பறம் லீ காங் இன் ஒரே ஆளு 56லயும் 69லயும் அடிச்சிட்டான். ரெண்டும் பெட்டி பக்கத்துல அவனுக்கு எடது காலுக்கு எடம் வுட்டதுல வந்தது. பெட்டிக்கு ஓரத்துல சின்ன எடம் கெடச்சா போதும்னு இருக்குற ஆளு நம்மகிட்டயும் இருக்கான், ஃபைசால் ஹலிம், எங்க பினாங்குப் பையன். இன்னொரு பக்கம் ஆரிஃப் ஐமான். இந்த ரெண்டு பேருக்கும் பந்து போகணும், ஜோர்டான் ஆட்டத்துல போகவே இல்ல, ரெண்டு பேரும் கீழ எறங்கி வந்து தடுத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைக் கேட்டா முத பாதி 0-0ன்னு போனாலும் பரவால்ல, அறுவது நிமிஷத்துக்கு மேல பஹ்ரேன் அவசரப்பட ஆரம்பிப்பான், அவனும் முத ஆட்டம் தோத்துட்டு வர்றான், அவனுக்கும் ஜெயிக்கணும். அப்ப போயி அடிங்க.


கிள்ளான் 2010
18 ஜனவரி 2024, காலை 7.55

எல்லாரும் கோச்சிக்காதீங்க, நான் மனசுல இருக்குறத சொல்றேன். நம்ம போக மாட்டோம்.

ஃபிஃபா ரேங்கிங் பாருங்க, கொரியா 23, பஹ்ரேன் 86, ஜோர்டான் 87, நம்ம 130. ரேங்கிங் எல்லாம் சும்மான்னு சொல்லுவீங்க, சரி ஆட்டத்தப் பாப்போம். 2022 ஜூன்ல தகுதிச் சுற்றுல இதே பஹ்ரேன் புக்கிட் ஜாலில்ல வந்து, அவ்வளவு கூட்டம் கத்திக்கிட்டு இருக்கும்போதே, 2-1ன்னு அடிச்சிட்டுப் போனான். நான் அங்க இருந்தேன். அவன் பதறவே இல்ல. இப்ப வளைகுடாவுலயே ஆடுறான், பக்கத்து நாடு, அவன் ஆளுங்க வண்டி புடிச்சு வந்துருவாங்க. கோச்சு யாரு, பிஸ்ஸி, 2016ல சிலிக்கு கோப்பா அமெரிக்கா வாங்கிக் குடுத்தவன்.

நமக்கு கோல் அடிக்க ஆளு எங்க இருக்கு? 2014லேர்ந்து போன வருஷம் வரைக்கும் மலேசிய லீக்கு பட்டம் பத்து தடவையும் ஜொகூர் கிளப் ஜேடிடிதான், பத்தும் தொடர்ச்சியா. நல்ல டீமு, நான் கொற சொல்லல, ஆனா அங்கயும் மத்த டீமுலயும் முன்னாடி நிக்கிறது எல்லாம் வெளிநாட்டு ஆளு. சஃபி சாலிக்கு அப்பறம் ஒம்போதாம் நம்பரு, அதான் முன்னாடி நின்னு கோல் அடிக்கிறவன்னு நம்பி ஒரு உள்ளூர்ப் பையனச் சொல்லுங்க பாப்போம். அதனாலதான் பாலோ ஜோசுவே, ரோமெல் மொராலெஸுன்னு குடியுரிமை குடுத்து கூட்டிக்கிட்டு வரோம். அவங்க ஜெர்சியப் போட்டு வேர்வ சிந்துறாங்க, அவங்கள நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா பத்து வயசுப் பையனுக்கு ஒழுங்கா ஒரு திடல் இல்லாம, கோச் இல்லாம, அங்க ஆரம்பிக்காம இங்க 0-4க்கு அழுது என்ன புண்ணியம். எங்க தாமான்ல இருந்த திடல்ல இப்ப காருதான் நிக்குது, பசங்க எங்க போயி ஆடுவாங்க? ஆசியக் கிண்ண வரலாத்துலயே நம்ம ஜெயிச்சது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் 1980ல.


பிஜே 11
18 ஜனவரி 2024, மதியம் 1.20

திடல் விஷயத்துல ஒங்ககூட நூறு சதவீதம் ஒத்துக்கிறேன் பாஸ். ஆனா 2022 ஆட்டத்தையே நீங்க எடுத்ததால சொல்றேன், அன்னிக்கு நம்ம ஒரு கோல் வித்தியாசத்துலதான் தோத்தோம், கிம் பான் கோன் வந்து ஆறு மாசம் கூட ஆகல. அதே டீமு அதுக்கு மூணு நாள் கழிச்சு வங்காளதேசத்த 4-1ன்னு அடிச்சு தகுதி வாங்குச்சு.

கொரியா ஆட்டத்துல இன்னொரு விஷயம் இருக்கு. பஹ்ரேன்கூட ஆடுனப்ப சன் ஹியுங் மின் உள்பட அஞ்சு பேரு மஞ்ச அட்ட வாங்கியிருக்காங்க. இன்னொன்னு வாங்குனா ஒரு ஆட்டம் வெளிய. சனிக்கிழமை ஜோர்டானையும் அடிச்சிட்டா கொரியா பாஸ் ஆயிரும், அப்பறம் நம்மகூட ஆடும்போது கொரியா கோச் கிளின்ஸ்மன் முழு டீம எறக்குவாரா? எறக்குனாலும் அந்தப் பசங்க காலத் தூக்கி வப்பாங்களா? ஒரு புள்ளிக்கு அங்க எடம் இருக்கு.


மெர்டேக்கா ஸ்டேடியம்
18 ஜனவரி 2024, இரவு 9.30

கிள்ளான் தம்பி, நீ பேருல 2010ன்னு வச்சிக்கிட்டே இப்படி பேசலாமா?

அந்த வருஷம் என்ன நடந்துச்சு, கொஞ்சம் நெனச்சுப் பாருப்பா. தென்கிழக்காசிய நாடுங்க ஆடுற சுசுகி கிண்ணத்துல முத ஆட்டம், ஜகார்த்தாவுல இந்தோனேசியாகிட்ட 1-5. அஞ்சு கோலு! இங்க பேப்பர்ல, கடையில, எல்லா எடத்துலயும் கோச் ராஜகோபால திட்டாத ஆளு இல்ல. அவரு பசங்கள மாத்தல, பதறல. தாய்லாந்துகூட 0-0, லாவோஸ 5-1, செமி பைனல்ல வியட்நாம புக்கிட் ஜாலில்ல 2-0, ஹனோயில 0-0. பைனல்ல வந்தது யாரு, அதே இந்தோனேசியா. புக்கிட் ஜாலில்ல 3-0ன்னு அடிச்சோம், ஜகார்த்தாவுல 1-2ன்னு தோத்தாலும் மொத்தத்துல 4-2, கிண்ணம் நம்ம கையில. சஃபி சாலி அஞ்சு கோல். முத ஆட்டத்துல அஞ்சு வாங்குன அதே பசங்கதாம்பா கடைசி ராத்திரி கிண்ணத்த தூக்குனாங்க. நம்ம தமிழ்ப் புள்ள ஒருத்தரு அந்த டீம நடத்துனாருன்னு நான் இன்னிக்கும் நெஞ்ச நிமுத்தி சொல்லுவேன்.

கொரியான்னா ஒடனே நடுங்க வேணாம். 1980 ஏப்ரல்ல ஒலிம்பிக் தகுதி ஆட்டம், மெர்டேக்கா ஸ்டேடியத்துல, கொரியாவ 2-1ன்னு அடிச்சோம், ஜேம்ஸ் வோங் அடிச்ச கோல்ல. நம்ம ஆறுமுகம் கோல்ல நின்னா ரெண்டு பக்கமும் கை நீளும், ஸ்பைடர்மேன்னு சும்மாவா பேரு வச்சாங்க. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு நம்ம போகல, புறக்கணிச்சாங்க, அந்தப் பசங்களுக்கு நடந்த அநியாயம் அது, இன்னிக்கும் எனக்கு ஆறல. 1985ல உலகக் கிண்ண தகுதி ஆட்டத்துலயும் இங்க வச்சு 1-0ன்னு கொரியாவ அடிச்சோம். அன்னிக்கும் கொரியா நம்மள விட பெரிய டீமுதான்.

ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயிச்சோம்னு சொன்னியே, 1980 குவைத்துல எமிரேட்ஸ 2-0ன்னு அடிச்சது. அதுக்கு அப்பறம் நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை ஜெயிச்சா அடுத்த ரவுண்டு போறமோ இல்லையோ, அந்த ஒன்னு ரெண்டாகும். எனக்கு அதுவே பெரிசு.


கிள்ளான் 2010
18 ஜனவரி 2024, இரவு 10.15

அங்கிள், நீங்க சொன்னதுக்கு மரியாத குடுக்குறேன். 2010 ஜெயிச்ச அன்னிக்குத்தான் இந்தப் பேரையே வச்சேன். ஆனா அது தென்கிழக்காசியா, இது ஆசியா. அங்க ஒரு ஆட்டம் சறுக்குனா எந்திரிச்சிக்கலாம், இங்க பஹ்ரேன் நமக்கு எந்திரிக்க நேரம் குடுக்க மாட்டான். என் முடிவு மாறல, 0-1 இல்ல 1-1. ஜெயிச்சா சந்தோஷமா ஆடுவேன், அது வேற.


பத்துமலை 272
19 ஜனவரி 2024, காலை 11.02

கொரியா ஆட்டம் 25ஆம் தேதி, தைப்பூசத்தன்னிக்கு, நம்ம நேரம் ராத்திரி ஏழரை, யாராச்சும் கவனிச்சீங்களா? காவடி எடுக்குறவங்க, தண்ணிப் பந்தல்ல நிக்கிறவங்க எல்லாம் அந்த நேரம் பத்துமலையிலதான் இருப்போம். எங்க பந்தல்ல பாதிப் பேரு புக்கிட் ஜாலில்ல போயி ஆட்டம் பாக்குற ஆளுங்க, போன்ல பாக்கலாம்னா அந்தக் கூட்டத்துல லைன் கெடைக்காது. பினாங்குல தண்ணீர்மலையிலயும் இதே கததான் இருக்கும், அக்கா சொல்லணும். சனிக்கிழமை ஆட்டம் ராத்திரி பத்தரைக்கு, அது பரவால்ல, கொரியாகூட ஆடும்போது நமக்கு உயிர் இருக்கணும்னா சனிக்கிழமை தோக்கவே கூடாது.


பட்டர்வொர்த் அக்கா
19 ஜனவரி 2024, மதியம் 12.30

நாங்க முந்துன நாளே ரதத்தோட நடந்து தண்ணீர்மலைக்குப் போயிட்டு, பூசத்தன்னிக்கு விடியக்காலையிலயே அர்ச்சனைய முடிச்சிட்டு கப்பல் ஏறி வந்துருவோம். ஏழரைக்கு வீட்ல டிவி முன்னாடி இருப்பேன். முருகன்கிட்ட வேற எதுவும் கேக்குற மாதிரி இல்ல, சனிக்கிழமை பின்னாடி ஆளுங்க இடைவெளி விடாம நிக்கணும், அவ்வளவுதான் கேக்கப் போறேன்.


செந்தூல் பையன்
19 ஜனவரி 2024, இரவு 7.48

எல்லாருக்கும் நன்றி. பிஜே கணக்கப் படிச்சதுக்கு அப்பறம்தான் 1-0 போதாதுன்னு புரியுது, ஆனா அக்கா சொல்ற மாதிரி மொதல்ல பின்னாடி அடைக்கணும், கோல் அப்பறம் வரட்டும். கிள்ளான் பாஸ், நாளைக்கு ராத்திரி செந்தூல் மாமாக் கடையில பெரிய திரை போடுறாங்க, நாங்க ஒம்போதரைக்கே போயி எடம் புடிக்கிறோம், நீங்களும் வாங்க. நான் 2-0ன்னு சொல்றேன். ஃபைசால் ஒன்னு, ஆரிஃப் ஒன்னு. பத்தரைக்கு விசில்.