தாத்தா, ஆயா விட்டுப்போன வேதப்புத்தகம் உங்க கைக்கு வந்திருக்கா?

மஞ்சக்குப்பம் பேத்தி:
மூணு மாசமா உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதறேன். தாத்தா ஏ.எல்.சி. (ஆற்காடு லுத்தரன்) சபையில உபதேசியாரா இருந்தவர். கறுப்பு அட்டை, சிவப்பு ஓரம், எல்லார் வீட்டுலயும் இருந்த அதே பைபிள்தான். அடக்கம் முடிஞ்சு வந்ததும் அத்தை அதை என் கையில குடுத்து, "நீதான் சத்தமா வாசிப்பே, நீயே வெச்சுக்க"ன்னாங்க. நான் கோவிலுக்குப் போயே நாலு வருஷம் ஆச்சுன்னு அந்த நேரத்துல யார்கிட்ட சொல்றது?

முப்பதாம் நாள் ஜெபத்துல ஐயர், அதாவது எங்க சபைப் போதகர், 91-ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். பிரிச்சா, பக்கம் பூரா சிவப்புப் பென்சில் கோடு. ஏழாம் வசனத்துக்குப் பக்கத்துல மட்டும் சாதாரணப் பென்சில்ல 26.12.2004. கீழே ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" - அந்த வசனம்தான்.

கடலூர்க்காரங்களுக்கு அந்தத் தேதியைச் சொல்ல வேண்டியதில்ல. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்த நாள். ஆராதனையிலிருந்து அப்படியே தேவனாம்பட்டினத்துக்கு ஓடினவர், மூணு நாள் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தார். வேட்டியெல்லாம் சேறு. அதைப் பத்தி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்ல.

நான் ஆறாம் வசனத்துல இருந்து எட்டுக்குத் தாவிட்டேன். யாரும் கவனிக்கல. பாட்டி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தாங்க. அவங்களுக்கு அந்தச் சங்கீதம் மனப்பாடம்.

முத்தியால்பேட்டை:
எங்களது கத்தோலிக்கக் குடும்பம். ஆயாவோட ஜெபப்புத்தகம் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்துல போட்டது. கடவுள்னே இருக்காது, எல்லாம் சர்வேசுரன்தான். ஆயாவும் கடைசி வரைக்கும் "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து"ன்னுதான் சிலுவை போடும். பூசையில மத்தவங்க "தூய ஆவி"ன்னு சொல்றப்ப அது குரல் மட்டும் தனியா கேக்கும்.

ஆயா போன பிறகு தம்பி வீட்டைக் காலி பண்றப்ப பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டான். எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல, செருப்புக் கடைக்குப் பக்கத்துல, தார்ப்பாய் மேல கிடக்குது. முதல் பக்கத்துல தாத்தா கையெழுத்து, கீழே சைகோன்னு வியட்நாம் ஊர் பேரு. தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். 150 ரூபா சொன்னான், பேரம் பேச வாய் வரல. கையில எடுத்தா புத்தகம் இளைச்ச மாதிரி இருக்கு. "உள்ள இருந்த படமெல்லாம் எங்கப்பா?"ன்னேன். "அதெல்லாம் வெள்ளைக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா, ஒரு படம் இருவது ரூபா"ன்னான். நான் முதல்முதலா நற்கருணை வாங்கின புதுநன்மைப் படமும் அதுலதான் இருந்துச்சு.

நெல்லிக்குப்பம்காரன்:
எங்க வீட்டுல அம்மாச்சி மட்டும்தான் கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாங்க. அவங்க பைபிள் இப்ப எங்க சாமி ரூம்ல, முருகன் படத்துக்குக் கீழ. ஆடி வெள்ளிக்கு அம்மா அதுக்கும் சேர்த்து மஞ்சள், குங்குமம் வெக்கும். போன வருஷம் அம்மாச்சியோட சபைக்காரர் ஒருத்தர் வந்தார். பார்த்தார், ஒண்ணும் சொல்லல, துண்டால குங்குமத்தைத் துடைச்சார், உக்காந்து காபி குடிச்சார். அவர் தெரு திரும்பினதும் அம்மா மறுபடி வெச்சிருச்சு.

உபதேசியார் பேரன்:
சகோதரி மஞ்சக்குப்பம், வசனத்தைத் தாண்டி வாசித்தது தவறு. அதுவும் துக்க வீட்டில். அந்தப் பென்சில் குறிப்பை மெல்லிய ரப்பரால் அழித்துவிட்டு வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

முத்தியால்பேட்டை சகோதரிக்கு ஒன்று. உங்களுக்குச் சர்வேசுரன் என்றால், லூத்தரன்களின் பழைய ஃபப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். பவர் ஐயர் குழுவின் 1871 மொழிபெயர்ப்பில் தேவன். 1995 திருவிவிலியத்தில் கடவுள். ஒரு வார்த்தையை வைத்தே எந்த வீட்டுப் புத்தகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ரொம்பப் பிரித்துப் பேசவும் வேண்டாம். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைத்தான் சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோய் ஃபப்ரிசியஸ் ஐயரிடம் கொடுத்தார்கள்.

எல்லோருக்கும்: கிழிந்த பக்கத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்கக் கூடாது. நிழலில், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து, ஃபேன் காற்றில். நம் ஊர் கடலோரம், சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். அந்துருண்டையைப் புத்தகத்துக்குள் போடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது புரட்டுங்கள்.

என் தாத்தாவின் பைபிள் அண்ணன் வீட்டில் இருக்கிறது. எனக்கு அதை வைத்திருந்த பெட்டி வந்தது.

முத்தியால்பேட்டை:
ஐயா, வசம்பு வரைக்கும் சரி. அழிக்கச் சொல்றதுதான் புரியல. எங்க ஆயா அது புத்தகத்துல கைப்பட எழுதினது பால் கணக்கு மட்டும்தான். அதையும் அழிச்சிடவா?

மஞ்சக்குப்பம் பேத்தி:
அழிக்கறதா இல்ல. நேத்து ராத்திரி பாட்டிகிட்டப் பக்கத்தைக் காட்டி, "இது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாங்க. "பென்சில் சீவிக் குடுத்ததே நான்தான்"னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டாங்க.