கார் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைப்போம் என்று மூன்று கட்சியும் சொல்லிவிட்டன. இனி யாருக்கு வாக்குப் போடுவது?

மல்வேர்ன் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதை அரிக்கிற விஷயம் ஒன்றை இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

நான் 1998இல் கனடா வந்தவன். ஸ்காபரோ, மல்வேர்ன் பக்கம் இருக்கிறேன். வேலை மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்டகசாலையில், விடிய 5 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு அங்கே போக பஸ் கிடையாது. கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. பதினொரு வருடப் பழைய கார், இதுவரை ஒரு விபத்துக்கூட இல்லை, ஆனாலும் மாதம் 290 டொலர் காப்புறுதி கட்டுகிறேன். மச்சான் பீட்டர்பரோவுக்கு வீடு மாறினார். அதே கார், அதே கம்பனி, மாதம் 170க்கு இறங்கிவிட்டது. மாறினது தபால் குறியீடு மட்டும்தான்.

இதைச் சரி செய்வோம் என்று சொல்லாத பெரிய கட்சி எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இல்லை. 2013இல் லிபரல் அரசுக்குப் பெரும்பான்மை இல்லாதபோது, என்டிபியின் (புதிய ஜனநாயகக் கட்சி) ஆதரவுக்காக, இரண்டு வருடத்தில் 15 வீதம் குறைப்போம் என்றார்கள். அதை நம்பி 2014இல் லிபரலுக்குப் போட்டேன். இரண்டு வருடம் போனது, 15 வீதம் வரவில்லை. அது எட்டக் கடினமான இலக்கு என்று முன்பே தெரியும் என முதல்வர் கத்லீன் வின்னே பிறகு சொன்னார்.

அப்புறம் 2018இல் கன்சர்வேடிவுக்குப் போட்டேன். தபால் குறியீட்டைப் பார்த்துக் கட்டணம் போடுவதை நிறுத்துவோம் என்று 2019 வரவு செலவுத் திட்டத்தில் எழுதினார்கள். இன்றைக்கும் என் முகவரியைக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள். 2022இல் என்டிபிக்குப் போட்டேன். என்னோடு வேலை செய்யும் வயதான கயானாக்காரர் அதற்கும் ஒரு கதை சொன்னார். 1990இல் என்டிபி பொப் ரேயின் தலைமையில் ஆட்சிக்கு வந்ததே அரசு கார் காப்புறுதி கொண்டு வருவோம் என்ற வாக்குறுதியோடு. அடுத்த வருடமே அதைக் கைவிட்டுவிட்டது.

2025 பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலில் நான் வாக்களிக்கப் போகவில்லை. பனி என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் பனி இல்லை. கதவில் வந்து கிடந்த மூன்று துண்டுப் பிரசுரத்திலும் ‘எல்லோருக்கும் குடும்ப வைத்தியர்’ என்று இருந்தது. எதை எடுத்து எதை விடுவது? ஆனால் அன்று இரவு முழுக்க நித்திரை வரவில்லை. ஊரில் வாக்குப் பெட்டிக்கு எத்தனை பயந்து பயந்து போனவர்கள் நாங்கள். இங்கே சும்மா வீட்டில் இருந்துவிட்டேன்.

நான் செய்தது பிழையா? அடுத்த முறை என்ன செய்யலாம்?

ஏஜென்சி வேலைக்காரி:

அண்ணா, காப்புறுதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாக் கட்சியும் ஒன்று என்பதை என்னால் ஏற்க முடியாது. 2018 ஜனவரியில் லிபரல் அரசு அடிப்படைச் சம்பளத்தை மணிக்கு 14 டொலர் ஆக்கியது. 2019 ஜனவரியில் 15 ஆகியிருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு அவசர விடுப்பும் தந்தது. டக் ஃபோர்டின் கன்சர்வேடிவ் அரசு வந்து இரண்டையும் நிறுத்தியது. சம்பளம் 2020 ஒக்டோபர் வரை 14இலேயே நின்றது. கிழமைக்கு 40 மணித்தியாலம் பெட்டி அடுக்கினேன், கிழமைக்கு 40 டொலர் போனது. மகனுக்குக் காய்ச்சல் வந்த நாள் சம்பளம் இல்லை. அந்த ஒரு டொலர்தான் எனக்குக் கட்சி வித்தியாசம். தயவுசெய்து வீட்டில் இருக்காதீர்கள்.

வாக்குச்சாவடி ஊழியர்:

தம்பி, நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் வேலை செய்தவன். ஒருவரையும் பிடிக்காவிட்டால் அதைப் பதிய ஒன்ராறியோவில் ஒரு வழி இருக்கிறது, நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. சீட்டை வாங்குங்கள். மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்து, வாக்களிக்க மறுக்கிறேன் என்று சொல்லுங்கள். அதிகாரி அதில் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. பழுதான சீட்டோடு அது சேராது, தனியாக எண்ணப்படும். 2014இல் 31,000 பேருக்கு மேல் அப்படிச் செய்தார்கள். ரகசியமாகச் செய்ய முடியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். அதற்கு மனம் வேண்டும். ஆனால் வீட்டில் இருந்தால், பனிக்குப் பயந்தவரா கோபப்பட்டவரா என்று யாருக்கும் தெரியாது.

மார்க்கம் பொடியன்:

அண்ணா, மறுப்பு வாக்கு நல்லதுதான், ஆனால் அது கடைசிப் படி. முதல் படியில் நாங்கள் தூங்கிவிடுகிறோம். ஒரு தொகுதியில் கட்சி வேட்பாளரைப் பெரும்பாலும் தெரிவு செய்வது அந்தக் கட்சியின் உறுப்பினர்கள்தான், சில நூறு பேர் போதும். எங்கள் வீட்டுக்கும் தெரிந்தவர்கள் உறுப்பினர் படிவத்தோடு வந்தார்கள். நம்ம ஆள் நிற்கிறார், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் போட்டோம். காப்புறுதிக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு நாங்கள் தேவை, அப்போது கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கட்சிகள் இப்படியே இருப்பதற்கு, தொகுதியில் அதிக வாக்கு எடுத்த ஒருவர் மட்டும் வெல்லும் தேர்தல் முறையும் ஒரு காரணம். 2025இல் லிபரலுக்கு 30 வீத வாக்கு, 14 இடம். என்டிபிக்கு 19 வீதத்துக்கும் குறைவு, 27 இடம். இதை மாற்றவா என்று 2007இல் மக்களிடம் கேட்டார்கள். 60 வீதம் தேவைப்பட்டது, கிடைத்தது 37தான். அதனால் புதிதாக ஒன்றைச் சொல்லும் சிறிய கட்சிக்குப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள்.

மல்வேர்ன் வாசி:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அந்த 40 டொலர் கணக்கை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என் கோபத்தில் உங்கள் சம்பளத்தை நான் பார்க்கவில்லை. இனி வீட்டில் இருக்க மாட்டேன்.

தம்பி சொன்ன உறுப்பினர் படிவம் என் வீட்டுக்கும் வந்தது. நானும் கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்தது வரும்போது கையில் ஒரு தாள் வைத்திருக்கப் போகிறேன். விபத்தில்லாதவர்கள் உங்கள் தபால் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தையும் மாதக் கட்டணத்தையும் கீழே போடுங்கள், பெயர் வேண்டாம். நானே தொடங்குகிறேன்: எம்1பி, 290.