உயிர் தோன்றுவதற்கு முன்னால் நைட்ரஜனை யார் உடைத்துக் கொடுத்தது?

தும்பி_77:
காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் செடியாலும் முடியாது நம்மாலும் முடியாது, பாக்டீரியாதான் பிடித்துத் தர வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். புரதம், டிஎன்ஏ எதுவுமே நைட்ரஜன் இல்லாமல் ஆகாது. சரி, அப்போது பாக்டீரியாவே இல்லாத காலத்தில் முதல் உயிருக்கு அது எப்படிக் கிடைத்தது? ஆதிக்காற்றைக் குடுவைக்குள் உருவாக்கி மின்பொறி அடித்து, உயிரின் மூலப்பொருள்கள் வருகிறதா என்று மில்லர் 1953இல் செய்த சோதனையில் அமோனியாவை அவரே குடுவைக்குள் விட்டுவிட்டார், அது கொஞ்சம் அழுகுணி ஆட்டம் இல்லையா?

ஈயப்பாத்திரம்:
அழுகுணி எல்லாம் இல்லை. அன்றைக்கு ஆதிக்காற்று மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன் என்றுதான் அவருடைய ஆசிரியர் யூரே நினைத்தார். ஓசோன் இல்லாத வானத்தில் புற ஊதாக் கதிர் அமோனியாவைச் சீக்கிரம் சிதைத்துவிடும், எரிமலைகள் கக்கியது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடும் நைட்ரஜனும் நீராவியும்தான் என்ற கருத்தெல்லாம் அப்புறம் வலுத்தது.

சிக்கல், காற்றிலுள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களை இறுக்கிக் கட்டியிருக்கும் முப்பிணைப்பு. ஒரு மோலை உடைக்க சுமார் 945 கிலோஜூல் வேண்டும். உரத் தொழிற்சாலையில் இரும்பு வினையூக்கி போட்டும்கூட 400 டிகிரிக்கு மேல் சூடும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் கொடுத்துத்தான் அமோனியா எடுக்கிறார்கள். இயற்கையில் அதைச் சர்வ சாதாரணமாகச் செய்வது மின்னல். மின்னல் பாதையில் காற்று 30,000 டிகிரியைத் தொடுகிறது, நைட்ரஜன் அணுக்கள் பிரிந்து கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வரும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது, மழையில் கரைந்து நைட்ரைட், நைட்ரேட்டாகக் கடலுக்கு வருகிறது. அன்றைய கடலில் ஆக்ஸிஜன் இல்லை, அதனால் இரும்பு துருவாகப் படியாமல் கரைந்தே கிடந்தது. அந்த இரும்பு நைட்ரைட்டை அமோனியாவாக மாற்றும் என்று சம்மர்ஸ், சாங் என்ற ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள், தண்ணீர் லேசாகக் காரத்தன்மையோடு இருந்தால் போதும், அடுப்பு வேண்டாம்.

கரிசல்வாசி:
மேலே சொன்னது சரி, ஆனால் மின்னலுக்கு ஓவராக மார்க் போடாதீர்கள். அதே இரும்பும் புற ஊதாக் கதிரும் நைட்ரைட்டைத் திரும்ப வாயுவாக்கி விரட்டவும் செய்யும், பரந்த கடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே சண்டை. அதனால்தான் சிலர் எரிமலை ஓரத்துக் குட்டைகளைப் பார்க்கிறார்கள். துருக்கி, பெரு நாட்டுப் பழைய எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் நைட்ரேட் நிறைய இருக்கிறது, வெடிப்பின்போது புகைக்குள் வெட்டிய மின்னலால் வந்தது என்று ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அவை ஆக்ஸிஜன் நிறைந்த காற்றில் நடந்த வெடிப்புகள், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, 2023இல் ஆய்வகத்தில் மின்னலைப் போல மின்பொறி அடித்துக் கிடைத்த நைட்ரஜனின் ஐசோடோப் அடையாளத்தை மிகப் பழைய பாறைகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான பாறைகளுக்குப் பொருந்தவில்லை, சுமார் 370 கோடி வருடப் பாறைகள் சிலவற்றுக்கு மட்டும் பொருந்தலாம். 320 கோடி வருடப் பாறைகளிலேயே நுண்ணுயிர் நைட்ரஜனைப் பிடித்த தடயம் தெரிகிறது. என் கணக்கில், மின்னல் தொடக்கத்துக்குக் கை கொடுத்திருக்கலாம், ஆனால் பெருகிய உயிருக்கு அது போதுமானதாக இருந்திருக்காது.

தும்பி_77:
அப்போது கடலடி வெந்நீர் ஊற்று? அங்கே மின்னல் கிடையாதே.

ஈயப்பாத்திரம்:
இரும்புத் தாதுக்கள் மேல் 300 டிகிரிக்கு மேலான சூட்டில், கடும் அழுத்தத்தில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் அமோனியாவாகின்றன, 1998இல் ஆய்வகத்தில் செய்தார்கள். நைட்ரஜன் வாயுவிலிருந்து நேரடியாக வந்தது குறைவுதான். ஆக அங்கேயும் மேலிருந்து நைட்ரேட் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

அமோனியாவை மட்டும் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். காற்றில் மீத்தேன் கொஞ்சம் கூடினால் மின்னலும் விண்கல் மோதலும் ஹைட்ரஜன் சயனைடு தரும். ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன். அதில் ஐந்தைச் சேர்த்தால் கணக்கு அப்படியே அடினைன், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று. வேதியியலாளர் ஜோன் ஓரோ 1960 வாக்கில் அம்மோனியம் சயனைடு கரைசலைச் சூடாக்கி இதை எடுத்துக் காட்டினார்.

தும்பி_77:
சயனைடா! நமக்கு விஷம் ஆயிற்றே அது?

கரிசல்வாசி:
நமக்குத்தான் விஷம், ஆக்ஸிஜனை வைத்துச் சுவாசிக்கிற நொதியில் போய் ஒட்டிக்கொள்வதால். அன்றைக்கு அந்த நொதியும் இல்லை, ஆக்ஸிஜனும் இல்லை.